காருக்கு மழைத் தண்ணீர்

ரேடியேட்டரின் முகத்தில் புறங்கையை வைத்து, இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக ரேலீன் தடவிக்கொண்டே வருவார். கண்கள் மூடியிருக்கும். ஓடவிட்டு நிறுத்திய என்ஜின் இன்னும் ஆறியிருக்காது. உள்ளங்கையை வைக்க மாட்டார். அது காய்த்துப்போனது, அதற்கு வித்தியாசம் தெரியாது. புறங்கை ஓரிடத்தில் தயங்கி நின்றால், அந்த இடம் மட்டும் குளிர்ந்து கிடக்கிறது என்று பொருள். அங்கே தண்ணீர் ஓடவில்லை. உள்ளே அடைத்துக்கொண்டிருக்கிறது. "இங்க செத்துருச்சு" என்பார். பையிலிருந்து சாக்பீசை எடுத்து அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். பிறகுதான் கண்ணைத் திறப்பார்.

நெடுஞ்சாலை ஊருக்குள் நுழைந்து, பப்பைத் தாண்டி, வந்த வேகத்திலேயே ஊரைவிட்டு வெளியேறும் இடத்தில் அவருடைய தகரக் கொட்டகை. ஒரு காலத்தில் கம்பளி மூட்டைகள் அடுக்கி வைத்த இடம். கம்பளிக் காலம் போன பின்னும் செம்மறியாட்டு வாடை அதன் மரத்தூண்களை விட்டுப் போகவில்லை. ரேலீனுக்கு வயது ஐம்பத்தெட்டு. குட்டையான உருவம், மணிக்கட்டு மட்டும் ஆண்பிள்ளைகளுடையதைப் போல இருக்கும். இளவயதில் ஆட்டு முடி கத்தரிக்கும் குழுக்களோடு பண்ணை பண்ணையாகச் சுற்றியவர். கத்தரிக்கும் இயந்திரத்தைப் பழுது பார்த்து, அதன் பற்களைத் தீட்டிக் கொடுக்கும் ஆளுக்கு அங்கே 'எக்ஸ்பர்ட்' என்று பெயர். அதற்குப் பட்டம் எதுவும் வேண்டியதில்லை. கத்தரி வெட்டினால் போதும், வெட்டாவிட்டால் நாற்பது பேர் சேர்ந்து திட்டுவார்கள். அந்தத் திட்டில் கற்றதுதான் தன் படிப்பு என்பார்.

இந்தப் பக்கத்தில் புதுக் கார்கள் குறைவு. இருப்பதெல்லாம் அப்பா ஓட்டியது, அண்ணன் கைமாற்றியது, ஏலத்தில் எடுத்தது. கோடையில் அவை கொதிக்கும். கொதித்த காரோடு வருகிறவன் ஒரு கதையோடுதான் வருவான்: எங்கே போனான், யார் கூட வந்தார்கள், எந்த மேட்டில் ஆவி கிளம்பியது. ரேலீன் கையைக் காட்டி நிறுத்துவார். "நிக்கும்போது சூடாவுதா, ஓடும்போது சூடாவுதா? அத மொதல்ல சொல்லு. உன் மச்சான் கல்யாணத்த அப்புறம் சொல்லலாம்."

அந்த ஒரு கேள்வியில் பாதி வேலை முடிந்துவிடும். மெதுவாகப் போகும்போதும் நிற்கும்போதும் மட்டும் சூடானால் விசிறியைப் பார்க்க வேண்டும். காற்று போதவில்லை. வேகமாகப் போகும்போது சூடானால் காற்றுக்குக் குறைவில்லை, தண்ணீர்தான் சரியாகச் சுற்றவில்லை. தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது என்றால் அது வேறு விசாரணை. "தண்ணி மாயமால்லாம் போவாது. தரைக்கு ஒழுகும். இல்ல உள்ள ஹீட்டர் வழியா உன் காலடிக்கு வரும். இல்ல வெள்ளப் புகையா பின்னால போவும். இல்ல ஆயில்ல கலந்து பால் டீ மாதிரி ஆக்கும். இல்ல மூடிய தள்ளிக்கிட்டு எகிறும். அஞ்சு கதவு. ஒவ்வொண்ணா தட்டிப் பாப்போம்." முதலில் தட்டுவது மூடியின் கதவை. ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தாலே போதும், நல்ல என்ஜினும் கொதிக்கும். மூடியைப் பார்க்காமல் என்ஜினின் தலைப்பகுதியையே கழற்றுகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் ரேலீன் தரையில் துப்புவார்.

குறுக்கு வழிகள் அவருக்குப் பிடிக்காது. பப் நடத்தும் ரெக்ஸின் ரேடியேட்டரில் ஊசித்துளை விழுந்தபோது, யாரோ சொன்னார்கள் என்று இரண்டு முட்டையின் வெள்ளைக்கருவை உள்ளே ஊற்றிவிட்டார். துளை அடைபட்டது உண்மை. கூடவே மற்ற எல்லாமும் அடைபட்டன. ரேலீன் அதைக் கழற்றி, உள்ளே வெந்து கிடந்ததைச் சுரண்டி ஒரு தட்டில் வைத்து, பப்புக்கு எடுத்துப்போய்க் கல்லா மேல் வைத்தார்.

"காலை சாப்பாட்ட என் கடையில மறந்து வச்சுட்டு வந்துட்ட, ரெக்ஸ்."

ரெக்ஸ் தட்டைக் குனிந்து பார்த்தார். "உப்பு போட்டியா?"

ரேலீனைப் பற்றி ஊர் அதிகம் பேசுவது வேறொன்றை. இங்கே எந்த வீட்டிலும் சமையலறையில் இரண்டு குழாய்கள் இருக்கும். ஒன்றில் போர் தண்ணீர். பூமிக்கு அடியிலிருந்து சுடச்சுட வரும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். குளிக்க, பாத்திரம் கழுவ, செடிக்கு ஊற்ற அதுதான். மற்றதில் மழைத் தண்ணீர். கூரையில் விழுந்து தொட்டியில் சேர்ந்தது. அது டீக்கு மட்டும். மழைத் தண்ணீரில் கால் கழுவுகிறவனுக்கு இந்த ஊரில் பெண் கொடுக்க மாட்டார்கள். ரேலீன் வீட்டில் இது தலைகீழ். அவருடைய தொட்டி மழைத் தண்ணீர் முழுக்கக் கார்களுக்கு. தனக்கு டீ போட்டுக்கொள்வது போர் தண்ணீரில். வருகிறவர்களுக்கும் அதே. ஆகவே வருகிறவர்கள் ஃபிளாஸ்கோடு வருவார்கள்.

"ரே கடையில டீ குடிக்கணும்னா அடுத்த பிறவியில காரா பொறக்கணும்" என்பார் ரெக்ஸ்.

"எனக்குக் கிட்னி ரெண்டு இருக்கு. காருக்கு ரேடியேட்டர் ஒண்ணுதான்" என்பார் ரேலீன்.

போர் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிவதை எல்லோரும் பார்க்கிறார்கள். அதே வெள்ளை ரேடியேட்டர் குழாய்களுக்குள் படிவதை யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் அதில் யாரும் டீ போடுவதில்லை.

போன கோடையில் க்ளாரி ஹெகர்ட்டியின் ஸ்டேஷன் வேகன் கொட்டகைக்கு வந்தது. நடுவழியில் கொதித்து நின்றதைத் தபால் லாரி கயிறு கட்டி இழுத்து வந்தது. க்ளாரிக்கு எண்பதை நெருங்கும் வயது. ஒரு பண்ணையின் கடைசிக் கோடியில், மூன்று கேட்டுகளைத் தாண்டி, ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறார். அவர் மனைவி ஜாய்ஸ் ஊர் மருத்துவமனையின் முதியோர் வார்டில் இருக்கிறார். தினமும் மதியம் க்ளாரி ஃபிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு வந்து, ஜாய்ஸுக்கு ஊற்றிக் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவார். பேருந்து என்று ஒன்று இந்தப் பக்கம் கிடையாது. கார் இல்லாவிட்டால் அந்த டீ இல்லை.

ரேலீன் மூடியைச் சோதித்தார். ஹோஸ்களை ஒவ்வொன்றாகப் பிசைந்து பார்த்தார். ஆறிய என்ஜினில் பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றிப் பார்த்தார். பம்பின் முள் இறங்காமல் நின்றது. ஆயில் சுத்தமாக இருந்தது. காரின் அடியில் அட்டையைப் பரப்பி, மறுநாள் காலை வந்து பார்த்தார். அட்டையில் ஒரு சொட்டு இல்லை. தண்ணீர் ஊற்றி அனுப்பினார். க்ளாரியின் மகள் ஷோனா லாங்ரீச் நகரத்திலிருந்து போன் செய்தபோது, "எனக்கு ஒண்ணும் கிடைக்கல" என்றார்.

அடுத்த வாரத்திலேயே வண்டி மறுபடி கொதித்தது. அதன் பிறகும் ஒரு முறை. மூன்றாம் தடவை மதிய வெயிலில் க்ளாரி நெடுநேரம் சாலையோரம் நின்றிருந்தார். விஷயம் தெரிந்து ஷோனா லீவு போட்டுவிட்டு வந்தாள். லாங்ரீச்சில் ஒரு பள்ளிக்கூட கேண்டீனில் சமைக்கிறவள். தகப்பனின் சாவிக்கொத்தைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, தகப்பனையும் கூட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். வண்டி அதற்கு முன்பே அங்கே வந்து கிடந்தது.

"இத வித்துடலாம்னு இருக்கேன், ரே. யாராவது கேட்டா சொல்லுங்க."

க்ளாரி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல் நிழலில் நின்றார். "நான் தினமும் காலையில தண்ணி ஊத்துறேன். பொய் சொல்றேன்னு நினைக்கிறா."

"பொய்னு சொல்லலப்பா. மறந்துடறீங்கன்னு சொல்றேன். ஒவ்வொரு தடவையும் ரேடியேட்டர் காஞ்சு கிடக்கு. கார்ல ஒண்ணும் இல்லனு ரே சொல்லியாச்சு. அப்ப வேற என்ன?"

ரேலீன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "ஒண்ணும் கிடைக்கலனு சொன்னேன், ஷோனா. ஒண்ணும் இல்லனு நான் சொல்லல."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"உனக்கு ஒண்ணா இருக்கலாம். உங்கப்பாவுக்கு இல்லயே."

 தன் வாயிலிருந்து போன ஒரு சொல் வழியிலேயே வேறு சொல்லாகி, கிழவரின் சாவியைப் பிடுங்கிக்கொண்டது ரேலீனுக்கு உறுத்தியது. கொட்டகையின் நிழலில் இரண்டு நாற்காலி போட்டார். "சாயங்காலம் வரைக்கும் வண்டிய விடுங்க. அப்புறம் வித்துக்கோ, உன் இஷ்டம். க்ளாரி, அது கொதிக்கும்போது சூடு காட்டற முள் எங்க இருந்துச்சு?"

"நடுவுல. அதுக்கும் கீழ. நான் பாத்துக்கிட்டேதான் வந்தேன், புள்ள. முள் ஏறவே இல்ல."

ஷோனா பெருமூச்சு விட்டாள். "முள் ஏறாம எப்படிப்பா கொதிக்கும்?"

ரேலீன் நிமிர்ந்து க்ளாரியைப் பார்த்தார். "இத ஏன் மொதல்லயே சொல்லல?"

"யாரு கேட்டா?"

அவர் சொன்னது சரி. நிற்கும்போதா ஓடும்போதா என்று கேட்ட ரேலீன் முள்ளைப் பற்றிக் கேட்கவில்லை. பாதியளவு கொதிக்கும் தண்ணீர் இருந்த கெட்டிலை எடுத்து வந்து, ஒரு நீளக் கரண்டியை ஷோனாவிடம் கொடுத்துத் தண்ணீரில் படாமல் மேலே பிடிக்கச் சொன்னார். பிறகு முனையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வெதுவெதுப்பு. அடுத்து தண்ணீருக்குள் விட்டு எடுத்துத் தொடச் சொன்னார். ஷோனா கையை வெடுக்கென்று எடுத்தாள்.

"முள்ளுக்குச் செய்தி சொல்ற பித்தளைக் குமிழ் என்ஜின் உச்சியில இருக்கு. தண்ணியில முங்கி இருக்கறவரைக்கும் சரியாச் சொல்லும். தண்ணி அதுக்குக் கீழ எறங்கிட்டா அதுக்கு என்ன தெரியும்? அது பாட்டுக்கு சும்மா இருக்கும். உங்கப்பா முள்ளப் பாத்துக்கிட்டேதான் வந்துருக்காரு. முள்தான் அவர ஏமாத்திருக்கு."

"சரி. அப்ப தண்ணி எங்க போச்சு?"

"அதத்தான் நான் இன்னும் கண்டுபிடிக்கல."

தண்ணீர் நிரப்பி, என்ஜினை ஓடவிட்டார். நன்றாகச் சூடேறட்டும் என்று ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு சாக்கைத் தொங்கவிட்டார். முதல் தடவை ஆறிய வண்டியில் தேடியதுதான் தன் பிழை என்று அவருக்கு இப்போது தோன்றியது. சில ஓட்டைகள் சூட்டில்தான் வாய் திறக்கும். உலோகம் விரிந்து, உள்ளே அழுத்தம் ஏறும்போது ஒழுகி, ஆறியதும் துருவும் சுண்ணாம்பும் சேர்ந்து மூடிக்கொள்ளும். வண்டிக்கு அடியில் படுத்து, பல் மருத்துவரிடமிருந்து கேட்டு வாங்கி வைத்திருந்த சின்னக் கண்ணாடியைச் சைலென்சர் பைப்புக்கு மேலே நீட்டி, டார்ச் அடித்தார்.

பைப்பின் மேல் வெள்ளையாக ஒரு கோடு. பறவை எச்சம் போல. அது எங்கிருந்து இறங்கி வருகிறது என்று கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்து மேலே போனார். என்ஜினின் பக்கவாட்டில், வார்ப்பில் விட்ட துளைகளை வட்டத் தகடு வைத்து அடைத்திருப்பார்கள். கடைசித் தகட்டின் ஓரத்தில், பைப்புக்கு நேர் மேலே, ஒரு சொட்டு திரண்டது. பைப்பில் விழுந்தது. சுர்ர் என்று ஆவியாகிவிட்டது. தரைக்கு வர அதற்கு வழியே இல்லை.

என்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, திருப்புளியின் முனையை அந்தத் தகட்டில் வைத்து இலேசாக அழுத்தினார். தேநீரில் நனைந்த பிஸ்கட்டில் போவது போல உள்ளே போனது.

வெளியே ஊர்ந்து வந்து தரையிலேயே உட்கார்ந்தார். விரலில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளை க்ளாரியின் முகத்துக்கு நேரே காட்டினார்.

"எந்தத் தண்ணி ஊத்துனீங்க?"

க்ளாரி தொப்பியைச் சுழற்றினார். "வழக்கமா ஊத்தறதுதான்."

"க்ளாரி."

"போர் தண்ணிதான். மழத் தொட்டியில அடி மட்டம்தான் இருக்கு. இருக்கறது ஜாய்ஸ் டீக்கு. மழத் தண்ணிய எடுத்து கார்ல ஊத்துனேன்னு தெரிஞ்சா அவ எந்திரிச்சு வந்து அடிப்பா."

ஷோனா தகப்பனைப் பார்த்தாள்.  இந்த மனிதரைத் திட்டுவது எப்படி என்று ரேலீனுக்குத் தெரியவில்லை. வருஷக்கணக்கில் ஊற்றிய தண்ணீர்தான் தகட்டை உள்ளிருந்து தின்றது. ஒழுகும் இடத்தைக் காட்டிக் கொடுத்ததும் அதே தண்ணீர் விட்ட கோடுதான். சுத்தமான தண்ணீராக இருந்திருந்தால் தடயமே இல்லாமல் ஆவியாகியிருக்கும். ஆனால் சுத்தமான தண்ணீராக இருந்திருந்தால் தகடும் போயிருக்காது.

அன்றைக்கும் மறுநாளும் அந்த வேலைதான். பழைய தகடுகளை எல்லாம் நெம்பி எடுத்தார். ஒன்று போனால் மற்றவையும் போகிற வழியில்தான் இருக்கும் என்பது அவர் கணக்கு. உள்ளே பாறை போலப் படிந்திருந்ததைச் சுரண்டி, குழாய் வைத்து அலசினார். புதுப் பித்தளைத் தகடுகளை அடித்து இறக்கினார். ரேடியேட்டரைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்துத் தண்ணீர் அடித்தபோது வந்த சேற்றை ஒரு வாளியில் பிடித்து, க்ளாரி வந்தால் பார்க்கட்டும் என்று வாசலில் வைத்தார். மழைத் தண்ணீரில், துருப்பிடிக்காமல் காக்கும் பச்சை கூலண்ட்டைக் கலந்து, காற்றுக் குமிழி ஒவ்வொன்றாக வெளியேறும்வரை காத்திருந்து நிரப்பினார். 

மறுநாள் மாலை ஷோனா தகப்பனோடு வந்தாள். வாளியைப் பார்த்தாள். பழைய தகட்டைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை வழியாக வானத்தைப் பார்த்தாள்.

"அப்பா, மறக்கறீங்கன்னு சொன்னது தப்புதான்" என்றாள். பிறகு ரேலீன் பக்கம் திரும்பினாள். குரல் தணிந்தது. "ஆனா ஒண்ணு கேக்கறேன், ரே. தண்ணியே இல்லாம என்ஜின் தட்டற சத்தம் எப்படி இருக்கும்னு எனக்கே தெரியும். மூணு தடவையும் வண்டி தானா நிக்கற வரைக்கும் ஓட்டிருக்காரு. நாளைக்கு வேற எங்கயாவது ஓட்டை விழுந்தா?"

நியாயமான கேள்வி. கார் சரியாகிவிட்டது, போங்கள் என்று சொல்லி ரேலீன் கையைக் கழுவியிருக்கலாம். அவர் நடந்து க்ளாரியின் முன்னால் போய் நின்றார், உதடு அவருக்குத் தெரியும்படி.

"க்ளாரி. உங்களுக்குக் காது போயிடுச்சு."

கிழவரின் தாடை இறுகியது. "கொஞ்சம் மந்தம். முடி கத்தரிக்கிற ஷெட்டுல வேல பாத்தவன் எவனுக்கு நல்லா கேக்குது? உனக்குக் கேக்குதா?"

"எனக்கும் பாதிதான். அதான் நான் காத நம்பறதில்ல. அது கொதிச்ச சத்தம் உங்களுக்குக் கேக்கல. மகள் பயப்படறதுல தப்பு இல்ல."

க்ளாரி ஷோனாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். 

"கைய நீட்டுங்க" என்றார் ரேலீன். நீட்டிய கையைப் புரட்டி, புறங்கையைத் தன் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், ஹோஸைப் பார்ப்பது போல. "இது நல்லா இருக்கு. ஷோனா, சாவிய அவர்ட்ட குடு. நீ பின்னால ஏறு."

ஷோனா கைப்பையைத் திறக்கச் சற்று நேரம் ஆயிற்று. சாவியை எடுத்தாள். கொடுத்தாள்.

க்ளாரி ஓட்டினார். ரேலீன் பக்கத்து இருக்கையில். ஊரைத் தாண்டி, ஜம்ப்-அப் என்று இவர்கள் சொல்லும் செங்குத்தான செம்மண் மேட்டை நோக்கிப் போனார்கள். நிழலிலேயே நாற்பதைத் தாண்டிய வெயில். ரேலீன் ஜன்னல்களை எல்லாம் இறக்கச் சொல்லிவிட்டு, கையை நீட்டி ஹீட்டரை முழு அளவில் திருப்பினார். டாஷ்போர்டுக்குக் கீழே நடுவில் இருந்த ஓட்டையிலிருந்து அனல் அடித்தது.

"கொல்லப் பாக்கறியா?" என்றார் க்ளாரி.

"இது என்ஜின் தண்ணியோட சூடு. அதே தண்ணிதான் இங்க வந்து போவுது. தண்ணி குறைஞ்சா இது வெளிக்காத்து மாதிரி ஆயிடும். முள் நடுவுல நின்னாலும் இது சொல்லிடும். மூணு கேட்டுல நின்னு எறங்குறீங்கல்ல? ஒவ்வொரு கேட்டுலயும் எறங்கறதுக்கு முன்னால இதத் திருப்புங்க, கை வைங்க. அனல் இல்லனா கேட்டத் தொறக்காதீங்க. என்ஜின நிறுத்திட்டு அங்கயே நிழல்ல உக்காருங்க. யாராவது வருவாங்க."

"உள்ளங்கையா, புறங்கையா?"

"புறங்கை."

க்ளாரி இடது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, கீழே தாழ்த்தி, அனலில் பிடித்தார். அங்கேயே வைத்திருந்தார். மேடு தொடங்கியதும் கையை எடுத்து கியரைக் குறைத்தார், சரியான இடத்தில், வண்டி திணறுவதற்கு முன்பே. என்ஜின் உறுமிக்கொண்டு ஏறியது. மூன்று பேர் முகத்திலும் வியர்வை வழிந்தது.  பாதி மேட்டில் க்ளாரி மறுபடி கையைத் தாழ்த்திப் பார்த்தார். "இருக்கு" என்றார், யாரையும் பார்க்காமல்.

உச்சியில் வண்டியை ஓரம் கட்டி, என்ஜினை ஓடவிட்டபடி நிறுத்தினார். கீழே ஊர் சின்னதாகக் கிடந்தது. மருத்துவமனைக் கூரை மட்டும் வெயிலில் பளிச்சிட்டது. பின் இருக்கையில் ஷோனா முன்னால் நகர்வது கேட்டது. இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே அவள் கை நீண்டு வந்து, அனல் வரும் இடம் தெரியாமல் ஒரு கணம் தடவியது.

ரேலீன் தன் முழங்காலை ஒதுக்கி, அந்தக் கைக்கு வழி விட்டார்.